தோள் இறங்கிய வைகாசி

முதலில் இறங்கியது என் தோள்தான். டில்லி தர்பாருக்கு முந்தின வருஷம், வைகாசிக் கருட சேவை. ஆழ்வார்திருநகரியில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளில் நானும் ஒருவன். தெரு திரும்பும் இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. வாகனத்தைச் சுமக்கும் முன்தண்டில் என் பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்தது. கருடன்மேல் இருந்த பெருமாள் ஒருக்களித்தார்.

“ஓய் ரெங்கசாமி, தோள் இறங்கறது வோய்! விலகும்!” என்று பின்னாலிருந்து சீமாச்சு கத்தினார். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் அவர். பதினேழு வயதில் தண்டுக்குத் தோள் கொடுத்தவன், நாற்பத்திரண்டு வயதில் அத்தனை ஜனங்கள் முன்னால் விலகி நின்றேன்.

மறுநாள் என்னைக் கருப்பட்டி மண்டித் தராசில் உட்காரவைத்தார்கள். எதிர்த்தட்டில் உடன்குடிச் சிப்பங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. “சாமி, இன்னொண்ணு ஏத்தவா?” என்று மண்டிக்காரர் கேட்க, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இருநூற்றுப் பத்து ராத்தல். சீமாச்சு சிரிக்கவில்லை. “அடுத்த வைகாசிக்குள்ள முப்பது ராத்தல் குறையும். இல்லேன்னா தண்டுல உமக்கு இடம் கிடையாது” என்றார்.

பருமனைக் குறைக்க வேண்டிய நிலையில் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அப்படி ஒரு கெடு விழுந்ததும் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யாது. எனக்கும் செய்யவில்லை. பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘உடல் இளைக்க உத்தரவாத மாத்திரை. பத்தியம் இல்லை. சுத்த மூலிகை.’ தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி. தபாலில் வரவழைத்தேன். பெருமாள் தீர்த்தத்தோடு தினம் இரண்டு மாத்திரை விழுங்கினேன்.

இரண்டே மாதத்தில் இருபது ராத்தல் இறங்கியது. ஊரே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கை நடுங்கியதையும், படுத்தால் காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டதையும் கொழுப்பு கரையும் அடையாளம் என்று எண்ணினேன். தெருவில் பாத்திரம் விற்கிறவன் அதையே மருந்து என்று கொடுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அச்சில் வந்தது என்பதால் நம்பினேன்.

என் மனைவி கோமளம் நம்பவில்லை. “ஏன்னா, தீர்த்தம் வாங்கிக்கறச்சே கையெல்லாம் சிந்தறதே, இது இளைக்கறதா, உருகறதா?” என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். ஒருநாள் பெருமாள் சந்நிதியிலேயே கண் இருட்டிச் சாய்ந்தேன். அதன்பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. வண்டி பூட்டச் சொல்லிப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் அந்த ஊர்க் கிறிஸ்தவர். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ‘துடிப்பு ஒழுங்கு தவறுதல்’ (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவாக இல்லாமை) என்றார். பிறகு, “என்ன சாப்பிடுதீங்க சாமி?” என்று கேட்டார்.

“ஒரு வேளைதான். ஏகாதசி பட்டினி.”

அவர் கோமளத்தைப் பார்த்தார். “நிஜம்தான். ஆத்துல ஒரு வேளைக்குமேல சாப்பிடறதில்லை” என்றாள் அவள்.

“வீட்ல சரிம்மா. கோயில்ல?”

“கோயில்ல யார் சாப்பிடுவா? அது பிரசாதம் இல்லையோ!” என்றேன் நான்.

டாக்டர் பைய ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் நெய் வழியும் பொங்கல். உச்சிக்குப் புளியோதரை, ததியோதனம் என்கிற தயிர்சாதம். சாயரட்சைக்குச் சுண்டல், தோசை. கடைசியில் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அரவணை. எல்லாவற்றிலும் என் பங்கு உண்டு. வேண்டாம் என்பது அபசாரம். இருபத்தைந்து வருஷமாக அதைச் சாப்பாடு என்று நான் நினைத்ததே இல்லை. நான் பொய் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்து, மாத்திரைக் குப்பியை வாங்கிப் பார்த்தார். அடியில் எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. வாசித்தவர் முகம் மாறியது.

“சாமி, இத யாரு மூலிகைன்னு சொன்னது? இது ஆட்டுக் கழுத்துல இருக்குத கோளம் (தொண்டைக்குக் கீழே உள்ள சுரப்பி). காயவச்சுப் பொடிச்சிருக்கான். உடம்ப எரிக்கும். கூடவே இருதயத்தையும் எரிக்கும்.”

பெருமாளைச் சுமந்த நான், அவர் தீர்த்தத்தோடேயே ஆட்டு மாமிசத்தை விழுங்கியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் எழுத்தில் அடக்க முடியவில்லை. ஊர் திரும்பிப் பிராயச்சித்தம் செய்தேன். பஞ்சகவ்யம் வயிற்றைச் சுத்தம் செய்தது. நெஞ்சுக்கு அது எட்டவில்லை.

அந்தக் கம்பெனிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். பதிலுக்கு இன்னொரு குப்பியை வி.பி.யில் அனுப்பினான் அந்தப் பாவி! தபால்காரரிடம் நான் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டதாம். பாவம், அவர் என்ன செய்வார்.

டாக்டர் சொன்ன வழியில் அதிசயம் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். “பிரசாதத்த வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அதையே சாப்பாடா வச்சுக்கிடுங்க. ரெண்டு வேளை, கையில கொள்ளுத அளவு. மீதிய அங்கன நிக்கிற ஜனங்களுக்குக் கொடுத்திருங்க. வெயிலுக்கு முன்னால ஆத்தங்கரையில நடங்க. வாரத்துக்கு ஒரு ராத்தல் குறஞ்சா போதும். அவசரப்பட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க.” மாதம் ஒருமுறை நாடி பார்க்க வரவேண்டும் என்றார்.

தாமிரபரணிக் கரையில் நடந்தேன். எனக்குப் பிரசாதமே சாப்பாடாகிவிட்டதால், கோமளம் தனக்கு மட்டும் தளிகை செய்து, தனியாக இலை போட்டு உட்கார்ந்தாள். ஒருநாள் இலையிலேயே கண்ணீர் விட்டாள். என் பசியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்தியம் இல்லை என்பவனை நம்பாதீர்கள். நாடியைத் தொடாமல் தபாலில் வைத்தியம் செய்பவனை நம்பாதீர்கள். குப்பிக்குள் என்ன என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் தூக்கி எறியுங்கள். உங்களிடம் டாக்டர் கேட்கும்போது, வாய்க்குள் போன அத்தனையையும் சொல்லுங்கள், புண்ணியமானதையும் சேர்த்து.

அடுத்த வைகாசிக்கு முன் அதே தராசில் உட்கார்ந்தேன். நூற்று அறுபத்தெட்டு. சீமாச்சு என் முதுகில் தட்டினார். ஆனால் டாக்டர் குழாயை எடுத்தபோது தலையை ஆட்டினார். “எடை போயிட்டு சாமி. இந்தத் துடிப்பு ஒழுங்குக்கு வரல. அந்த மாத்திரை பண்ணின வேலை. இனி தண்டு தூக்கக் கூடாது.”

பெருத்த உடம்பு என் தோளைப் பறிக்கவில்லை. அதைக் குறைக்கிறேன் என்று வந்தவன் பறித்துவிட்டான். அந்த விளம்பரம் இன்றும் வருகிறது.

இப்போது கருட சேவையில் கவைக்கோலோடு கூடவே நடக்கிறேன். பெருமாள் நிற்கும் இடத்தில் தண்டுக்கு அடியில் அந்தக் கோலை முட்டுக்கொடுக்க வேண்டும். தூக்குகிறவர்கள் அப்போது மூச்சு வாங்கிக்கொள்வார்கள். முன்னெல்லாம் எந்தத் தெருவைக் கடந்தோம் என்பதை வைத்து நேரத்தை அறிந்தேன். இப்போது நெஞ்சு ஒருமுறை தவறி, மறுபடி அடிக்கும் இடைவெளியால் அறிகிறேன்.

போன வாரம் எண்ணெய் தேய்க்கும்போது கோமளம் என் வலத்தோளில் கைவைத்தபடி நின்றுவிட்டாள். “ஏன்னா, தண்டு அழுத்தின அந்தக் காய்ப்பு எங்கே?” என்றாள். தடவிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் பெருமாள் உட்கார்ந்த இடம் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.