பைபாஸில் ஏற்றாத காலிப் பெட்டி

இரண்டாயிரங்களின் நடுவில் தாம்பரத்து டிரான்ஸ்போர்ட் ஒன்றில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே இருந்த கம்பெனிகளில் சரக்கை இறக்கிவிட்டு, காலியான நாற்பதடி கன்டெய்னரை வடசென்னை யார்டில் கொண்டுபோய் விடவேண்டும். கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம்.

ஒரு நாள் கடலில் புயல் மையம் கொண்டிருந்தது. மதியம் காலிப் பெட்டியோடு கிளம்பினேன். வண்டலூர் வரை கட்டடங்களும் மரங்களும் காற்றை மறைத்துக்கொண்டன. இரும்புலியூர் ஏரி ஓரம் திறந்த இடத்துக்கு வந்ததும் காற்று ஒரு வீச்சு வீசியது. ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போனது. கண்ணாடியில் பார்த்தேன். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, பிறகு நிமிர்ந்தது.

யார்டுக்குப் போகும் பைபாஸ் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குடோனின் நீண்ட மதில் இருந்தது. அதை ஒட்டி, காற்றுக்கு வண்டியின் மூஞ்சியைக் காட்டி நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை போட்டேன். நான் வந்த ஜி.எஸ்.டி. சாலையில் காற்று பெரும்பாலும் எதிரே இருந்து வந்தது. பைபாஸில் ஏறினால் அது வலது விலாவில் அடிக்கும். அந்தச் சாலையோ வயலுக்கும் ஏரிக்கும் நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்டது. ஒதுங்க ஒரு சுவர் கிடையாது.

முதலாளிக்கு போன் செய்தேன்.

"யார்டு கேட்டை அஞ்சு மணிக்கு மூடிடுவான். நீ இன்னாய்யா ரோட்ல நிறுத்திகினு கீறே?"

"காத்து குறையட்டும் சார், எடுக்கறேன்."

"காலி வண்டிதானே? லோடா கீது, பயப்பட?"

"லோடு இருந்தா எடுத்திருப்பேன் சார்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார். நான் கிண்டல் செய்யவில்லை. சரக்கு ஏற்றிய வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலிப் பெட்டிக்கு உயரமும் நீளமும் மட்டும்தான் உண்டு, எடை கிடையாது. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பு, வேறொரு முதலாளி "போடா, ஒண்ணும் ஆவாது" என்று சொன்னதைக் கேட்டு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வெட்டவெளியில் ஒரு காலி லாரியைப் படுக்கப் போட்டவன் நான். மெதுவாகத்தான் போனேன். ஆனால் அவர் போலீசில் எழுதிக்கொடுத்தது, "டிரைவர் அதிவேகமாக ஓட்டினார்." எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, ஆறு மாதம் லைசென்சும் போனது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். கவிழ்ந்தால் குற்றம் என்னுடையது என்றால், ஓட்டுவதா வேண்டாமா என்பதும் என்னுடையதுதான்.

அரை மணியில் சூப்பர்வைசர் பைக்கில் நனைந்தபடி வந்தார். என்னைவிட இளையவர். பின்னால் எங்கள் கம்பெனியின் இன்னொரு டிரைவர் உட்கார்ந்திருந்தான். எந்தக் காற்றுக்கும் மழைக்கும் வண்டி நிறுத்தாதவன் என்று பெயர் எடுத்தவன்.

"அண்ணா, சாவிய இவர்கிட்ட குடுத்துடுங்க. நீங்க பைக்க எடுத்துகினு வூட்டுக்குப் போங்க."

"தர மாட்டேன்."

"முதலாளி சொல்லிகிறார்ண்ணா."

"அவர வந்து ஓட்டச் சொல்லு."

டிரைவர் சிரித்தான். "இன்னா மச்சான், இதுக்குப் போய் பேஜார் பண்ற? நான் பாத்துக்கறேன், குடு."

"குடுக்கறேன். அதுக்கு முன்ன பின்னாடி வந்து பெட்டியத் தொட்டுப் பாரு. அப்பவும் எடுக்கறேன்னா எடுத்துக்க."

மதில் முடிந்து பெட்டியின் வால்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் உள்ளங்கையை அதன் மீது வைத்தான். அடுத்த வீச்சில் தகரம் முரசுபோல அதிர்ந்தது. வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் முனகின. டயருக்கு மேலே ஒரு விரல் அளவு இடைவெளி திறந்து மூடியது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நிமிர்ந்து பைபாஸ் போகிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேபினில் ஏறினான், ஆனால் ஓட்டுகிற பக்கம் அல்ல.

"சார், நானும் எடுக்கல," என்றான்.

சூப்பர்வைசர் மழையிலேயே நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கவிழ்த்துவிட்டதாக அவருக்குக் கோபம். நான் என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவரும் ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்தார். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேரைப் பார்த்தார், அடித்து முடியட்டும் என்று மடியில் கவிழ்த்து வைத்தார்.

காற்று மறுநாள் காலைதான் அடங்கியது. பெட்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

அலுவலகத்தில் முதலாளி காத்திருந்தார். "நேத்து பைபாஸ்ல அத்தினி வண்டி போச்சு. ஒண்ணாவது கவுந்துச்சா?"

கவிழவில்லை. விசாரித்திருந்தேன். மனசுக்குள் ஏதாவது ஒன்று சாய்ந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் எண்ணியதும் உண்மை. அதற்காக வெட்கப்பட்டேன்.

"போன வண்டிங்கள பத்தி எனக்குத் தெரியாது சார். நம்ம வண்டி கவுழல. அதுக்கு நான்தான் காரணம்."

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். பேனாவை வாங்கி, நிறுத்திய இடம், நேரம், காற்று வந்த திசை, பெட்டி காலி என்பது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. இரண்டு முறை படித்தார். "திமிரு," என்றார்.

மூன்று மாதம் கூடுவாஞ்சேரி மனைப்பிரிவுகளுக்கு ஜல்லி ஏற்றிப்போகும் லாரியில் போட்டார்கள். வேண்டுமென்றேதான். ஒரு நாளும் லீவு போடாமல் ஓட்டினேன். பிறகு டிரெய்லருக்கு ஆள் கிடைக்காமல் முதலாளி கூப்பிட்டார்.

"காத்தடிச்சா எங்க நிறுத்தணும்னு நான்தான் சொல்லுவேன் சார். சரின்னா வரேன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எந்த வண்டி என்று மட்டும் சொன்னார். நான் போய் டயர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.