கடைசி வயலின் குட்டை

எங்கள் வாய்க்காலில் கடைசி வயல் எதுக்கக்காவுடையது. எதைப் பார்த்தாலும் "எதுக்கு?" என்று கேட்பதால் ஊர் வைத்த பட்டம் அது. தையல் மெஷினை விட்டுவிட்டு விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கேட்கத்தானே செய்வாள்? "வருஷா வருஷம் கடைசி வயலுக்குத் தண்ணி எட்ட மாட்டேங்குது. பின்ன எதுக்கு நெல்லு?" என்றாள் ஒருநாள். பக்கத்து வயல்காரி நான், முழித்தேன். மாமனார் நெல் போட்டார், நாங்களும் போட்டோம், அவ்வளவுதான்.

அவள் சும்மா இருந்தாளா? வயல் மூலையில் குட்டை வெட்டி மழைத்தண்ணீரைப் பிடித்தாள். நெல்லை விட்டு மிளகாய் நட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்தாள். புருஷன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இதுவும் போச்சுன்னா நிலத்தை அண்ணன்கிட்ட விட்டுட்டு டவுனுக்குப் போயிடுவோம்." அந்த அண்ணனுக்கு வாய்க்காலின் முதல் வயல். தங்கமான மனுஷர். ஆனால் வயலில் தண்ணீர் தளும்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

செடி பூவெடுத்த சமயம், இருவரும் ஒரு சாவுக்கு வெளியூர் போனார்கள். திரும்பி வந்தால் மிளகாய்க்காட்டில் ஒரே சேறு. குட்டையில் தவளைதான் மிச்சம். வரப்பில் அண்ணன் சிரித்தபடி நிற்கிறார்.

"மண்ணு காஞ்சு கிடந்துச்சும்மா. மனசு கேக்கலை. குழாயைக் கழட்டிட்டு, குட்டையில மோட்டாரைப் போட்டு வயிறார ஊத்திட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! எனக்கு வாயில் வந்ததை எழுத முடியாது. அவளோ அழுதுகொண்டே வடிகால் வெட்டினாள். பிறகு, சேறு எட்டாத மேட்டுச் செடி ஒன்றின் அடியில் அவரை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"அட, உள்ள ஈரமா இருக்கே!"

"மேல காஞ்சுதான் மாமா இருக்கும். வேருக்குப் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. இனிமே நான் தண்ணிக்கு எங்க போவேன்?"

மனுஷர் முகம் செத்துப்போனது. பள்ளத்தில் இருந்த சில வரிசைகள் அழுகின, மற்றது தப்பித்தது. அதைக் காப்பாற்றத்தான் தண்ணீர் இல்லை.

அடுத்து வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச அவருடைய முறை வந்தது. நெல் நாற்று அதற்காகத்தான் காத்துக் கிடந்தது. அவர் தன் மடையை மண் போட்டு அடைத்தார். வழியில் இருந்த மடைகளையும் அடைத்துக்கொண்டே தண்ணீரோடு நடந்து வந்தார். "இதுல கை வச்சே, அவ்வளவுதான்" என்று என் மடையருகே என்னை ஒரு முறை முறைத்தார். கடைசி வயலுக்குள் வாய்க்கால் தண்ணீர் விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குட்டை பாதிகூட நிறையவில்லை. எதுக்கக்கா எட்டிப் பார்த்தாள்.

"போதும் மாமா. காய் பறிக்கிற வரைக்கும் தாங்கும். மீதியை உங்க நாத்துக்குத் திருப்பிக்குங்க."

"கோபத்துல சொல்லாதம்மா. குட்டை ரொம்பட்டும்."

"கோபமெல்லாம் இல்ல மாமா. சத்தியமா போதும்."

தண்ணீர் போதும் என்று யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. நானும்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீரையே பார்த்தபடி நின்றார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஊத்துன தண்ணியெல்லாம் எங்கம்மா போச்சு?"