முப்பது கிலோ, கைக்கு ஏழு

மலிவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள் உண்மையில் விற்பது ஒரு இருக்கையை மட்டும்தான். தண்ணீர், சாப்பாடு, கூடுகிற எடை எல்லாவற்றுக்கும் தனிக் காசு என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்வதுதான் வேலை.

புதுக்கடை ஜங்ஷனில் ஒரு சின்ன டிராவல்ஸில் மூன்று வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். டிக்கெட் எடுக்கிறவர்கள் போகும் நாளன்று பெட்டியோடு வருவார்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் மெஷினில் நான் எடை பார்ப்பேன். பெட்டிக்கு முப்பது கிலோ, கைப்பைக்கு ஏழு. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப் இழுத்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒன்பது மாத மகளையும், அவளுக்கு மூச்சு முட்டினால் ஆவி பிடிக்கிற மெஷினையும் சுமந்துகொண்டு நானே அந்த வரிசையில் நின்றேன். அந்த பயத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மற்றவர்கள் கதை.

சுவரில் ஒட்டிய தாள்

கான்வென்டில் படித்ததில் ஒட்டிக்கொண்டது அழகான கையெழுத்தும் எதையும் பட்டியல் போடுகிற பழக்கமும். கடையில் சேர்ந்த மாதமே ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன்: 'உயிருக்கு வேண்டியது முதலில். உடுக்க வேண்டியது அடுத்து. நாக்குக்கு வேண்டியது கடைசியில்.' எடை கூடினால் கீழேயிருந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அர்த்தம்.

ஷார்ஜாவில் கட்டட வேலை பார்க்கும் தங்கராஜ் அண்ணன் பெட்டி முப்பத்திநாலு காட்டியது. திறந்து பார்த்தால் அவருடைய சாமான் எட்டு கிலோகூட இல்லை. மீதியெல்லாம் கூட வேலை பார்க்கிறவர்களின் வீடுகளில் கொடுத்துவிட்ட பொட்டலங்கள். மாங்காய் ஊறுகாய், கருவாடு, அச்சு முறுக்கு; ஒவ்வொன்றிலும் பேர் எழுதி டேப் ஒட்டியிருந்தது. சுவரைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு இரண்டு பேன்ட், ஒரு போர்வை, ஒரு ஜோடி ஷூ எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். பொட்டலத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தாளில் எழுதியிருப்பதற்கு நேர் எதிராகச் செய்கிறீர்களே என்று கேட்டேன்.

"பேன்டு அங்க வாங்கலாம் மக்கா. ஊறுகா இல்லாம எனக்க ரூமுக்குள்ள நான் எப்படி ஏறுவேன்?"

ஒரு முழுச் சக்கை

ஒருவர் முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் அது சக்கை. பதினாலு கிலோ. மஸ்கட்டில் மருமகள் மசக்கையாக இருக்கிறாள், கேட்டுவிட்டாள். பெட்டியில் அதற்கு இடம் இருந்தது ஐந்து கிலோ. போன தடவையும் முழுசாகக் கொண்டுபோய் அதிக எடைக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

முதலாளி வெளியே போயிருந்த தைரியத்தில், கடை வாசலிலேயே வெட்டச் சொன்னேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தவர், ஒரு மணி நேரத்தில் மடலையும் தண்டையும் கொட்டையையும் ஒதுக்கிவிட்டார். சுளையை டப்பாவில் அடைத்து எடை பார்த்தால் நாலு கிலோ இருநூறு. கடை இரண்டு நாள் மணத்தது. அவர் மட்டும் மடல் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் போன வட்டம் நான் காசு கெட்டினது இந்தக் குப்பைக்காக்கும், என்ன?"

அறுநூறு கிராம்

விமான நிலையத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். என் மெஷினில் சரியாக முப்பது இருந்த பெட்டி அங்கே முப்பது அறுநூறு காட்டுகிறதாம். திட்டப் போகிறார் என்று நினைத்து, இருபத்தொன்பதில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்புதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரு கிலோ குறைத்தே சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியிலிருந்து பனங்கருப்பட்டியை எடுத்துக் கைப்பையில் போடுகிற சத்தம் கேட்டது.

"உனக்க மெஷினு நம்ம ஊரு ஆளு பிள்ள, அதுக்கு இரக்கம் உண்டு."

என் பெட்டி

கணவருக்கு ஷார்ஜாவில் குடும்ப விசா கிடைத்தது. மகளுக்கு அதற்குள் இரண்டு தடவை மூச்சு முட்டி, உதடு நீலம் பாய்ந்து, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆவி பிடிக்கிற மெஷினைப் பெட்டியில் போடக் கூடாது, கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்தார். கடிதத்தைக் காட்டினால் மெஷின் ஏழு கிலோவில் சேராது. இது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேரிடம், கடிதம் கையில் இருக்கட்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆகாயத்தில் நாலு மணி நேரம், நெய்யூர் இல்லாத இடத்தில், இவளுக்கு முட்டினால் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

நான் போகிற செய்தி ஜங்ஷன் முழுக்கப் பரவியது. மூன்று வருடமாக எவர் எவர் ஊறுகாயை வெளியே எடுத்து வைத்தேனோ, அவர்கள் வீட்டுப் பொட்டலம் எல்லாம் என் வீட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே போனால் அவர்கள் பிள்ளைகள்தானே நமக்கு ஆள். கார் வந்து நின்ற பிறகும் அடுத்த வீட்டு லில்லி அக்கா, அங்கே இருக்கும் தன் மகனுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தார். கைப்பையைக் கவிழ்த்து, பெட்டியைத் திறந்து, அங்கேயும் இங்கேயும் மாற்றி அடைத்தேன். இனி ஒரு கிராம் ஏறாது, கைக்குழந்தை டிக்கெட்டுக்குப் பெட்டி கிடையாது என்றேன். அக்கா நம்பவில்லை.

"ஏட்டி, பிள்ளைக்கும் காசு குடுத்துதானே டிக்கெட்டு எடுத்த? அதுக்க முப்பது கிலோ எங்க?"

கவுண்டரில்

பெட்டி இருபத்தொன்பது எழுநூறு. பெல்ட்டில் உள்ளே போயிற்று. கைப்பை ஒன்பது கிலோ. ஆவி மெஷினைக் காட்டினேன். கவுண்டர் பெண் மரியாதையாகத்தான் கடிதம் கேட்டாள். பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது. முந்திரிக்கொத்துக்காகக் கவிழ்த்ததில், அது மகளின் சட்டைகளோடு பெட்டிக்குள் போயிருந்தது.

இரண்டு கிலோ எடுங்கள், இல்லையென்றால் பணம் கட்டுங்கள் என்றாள். அந்தத் தொகை எனக்கு மனப்பாடம். அவ்வளவு என் கையில் இல்லை. மூன்று வருடம் நான் எல்லாரிடமும் சொன்ன அதே வார்த்தை, அதே சிரிப்பு. பால்மாவு, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுத் துணி எல்லாவற்றையும் மேடையில் பரப்பி வைத்தேன். எதையும் விட முடியவில்லை. கடைசியில் மெஷினையும் எடுத்து வைத்தேன். மகள் தோளில் கிடந்து என் காதைப் பிடித்து இழுத்தாள்.

பின்னால் நின்றது தங்கராஜ் அண்ணன். லீவு முடிந்து போகிறார். அவர் டிக்கெட்டைப் போட்டதே நான்தான், பதற்றத்தில் மறந்துவிட்டேன். அவர் தன் கைப்பையைத் திறந்து, ரூம்காரர்களுக்கு வாங்கிய இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸை எடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தார். கவுண்டர் பெண்ணும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். காலியான இடத்தில் பால்மாவையும் துணியையும் அவள் கண்ணெதிரே வாங்கி வைத்தார். மெஷினை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"உயிருக்கு வேண்டியதாக்கும் முதல்ல. செவுத்துல எழுதி ஒட்டினவளே மறந்தா எப்படி மக்கா?"

விமானத்தில் மெஷினுக்கு வேலை வரவில்லை. மகள் தூங்கினாள்; நான் நாலு மணி நேரமும் அவள் நெஞ்சில் கை வைத்து, ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் ராத்திரி இதை எழுதிக்கொண்டே ஒரு கை அங்கேதான் இருக்கிறது.

ஷார்ஜாவில் அந்தப் பெட்டியைப் பிரித்தபோது எங்களுடையது என்று இருந்தது மகளின் ஆறு சட்டையும் டாக்டர் கடிதமும்தான், மீதி இருபத்தெட்டு கிலோவும் பதினோரு வீட்டுப் பொட்டலம்.