பெண் வீட்டுக்கு எத்தனை அறை? மாமல்லபுரம் முதல் அச்சரப்பாக்கம் வரை மண்டபம் தேடிய ஒரு சனிக்கிழமை

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஏரி, கோட்டை, பேருந்து நேரம் என்றுதான் எழுதுவேன். இந்த முறை கல்யாண மண்டபம். போன புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை நாவலூரிலிருந்து கிளம்பி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு, அச்சரப்பாக்கம் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு வந்தேன். மொத்தம் 208 கிலோமீட்டர். புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபங்கள் காலியாக இருக்கும், அவசரப்படுத்தாமல் சுற்றிக் காட்டுவார்கள். மண்டபம் பார்க்க ஏற்ற மாதம் அதுதான்.

கல்யாணம் எனக்கு. வயது முப்பத்தொன்பது. நாவலூரில் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. மாப்பிள்ளை ஜெயராமன் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். மனைவியை இழந்தவர், ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவருக்குத் தை மாதத்தில் இருபத்தைந்து நாள்தான் விடுப்பு. அவருடைய அக்கா மல்லிகா திருச்சியிலிருந்து போனில் சொல்லிவிட்டார்: "எங்க பக்கம் இருநூத்தி இருபது பேர் வருவாங்கம்மா. நீ அங்கயே இருக்க, நல்ல எடமா பாத்து முடிச்சிடு."

திருச்சியிலேயே வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெண் வீட்டார் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று அவர்கள்தான் பிடிவாதமாக இருந்தார்கள். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் சொன்னது. அன்று ராத்திரி என் பக்கம் யார் யார் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அலுவலகத்தில் பத்துப் பேர், எதிர் ஃபிளாட்டில் நான்கு பேர். பதினான்கோடு தாள் நின்றுவிட்டது.

அப்பா, அம்மா இல்லை. ஒரே அண்ணன். அச்சரப்பாக்கம் அருகே எங்கள் கிராமத்தில் இருக்கிறான், சொந்த டிப்பர் லாரி ஓட்டுகிறான். நான் இரண்டாம் தாரமாகப் போகப் போகிறேன் என்று தெரிந்த அன்று, "உன் கல்யாணத்த நீயே பண்ணிக்கோ" என்று எழுந்து போனவன், எட்டு மாதமாக என்னோடு பேசவில்லை.

காலை 7:15க்குக் கார் வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 3,600 ரூபாய், கூடுதல் நேரமும் டோலும் தனி. ஓட்டுநர் ஏழுமலை கேளம்பாக்கத்துக்காரர், நாற்பது சொச்சம் வயது. திருப்போரூர் தாண்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்.

"கல்யாணம் யாருக்கு மேடம்?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில் ஒரு கடற்கரை விடுதி. 8:40க்குப் போய்ச் சேர்ந்தோம். புல்வெளி, அதற்கப்புறம் ஆறு படிகள், மணல், கடல். சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் டேப்லெட்.

"நீங்க பொண்ணோட அக்காவா மேடம்?"

"ஆமாம்" என்றேன்.

ஒருமுறை சொன்ன பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. தங்கைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாள், அரக்கு என்றேன். தங்கை என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டாள், பி.காம். என்றேன். மணப்பெண் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தது. அதில் நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒருத்திக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"பொண்ணு என்ட்ரி எப்படி பிளான் பண்றீங்க? அப்பா கையப் புடிச்சி இந்தப் படியில நடந்து வந்தா, பின்னாடி கடல். வீடியோல ரொம்ப நல்லா வரும்."

"அப்பா இல்ல."

"அப்ப அண்ணன், தம்பி யாராவது?"

"யோசிச்சிட்டு இருக்கோம்" என்றேன். 'இருக்கோம்' என்று பன்மையில் சொன்னது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

கடற்கரையில் கல்யாணம் வைக்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். புல்வெளிக்கு இரண்டரை லட்சம். சாப்பாடு அவர்களுடையதுதான், இலைக்கு 1,400, குறைந்தது 150 பேருக்குப் பணம் கட்ட வேண்டும். வெளிச் சமையல்காரருக்கு அனுமதி இல்லை. இரவு பத்துக்கு மேல் மைக், பாட்டு எதுவும் கூடாது. காலையில் காற்று பலமாக இருந்தது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, ஹோமத் தீ நிற்குமா என்பது சந்தேகம். வயதானவர்களுக்கு அந்த ஆறு படிகள் சிரமம்.

அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். செங்கல்பட்டில் இரண்டரைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள் என்பதால் டச்சுக் கோட்டைப் பக்கம் இறங்கினேன். கோட்டையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம். கடலை ஒட்டிய வெளிச் சுவருக்கு அருகே கல்யாணத்துக்கு முந்தைய புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண், ஒரே ஒரு போட்டோகிராபர். உதவியாள் வரவில்லை போலிருக்கிறது. வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய வட்டத் தட்டை ஒரு கையிலும் கேமராவை மறுகையிலும் வைத்துக்கொண்டு அவர் திண்டாடினார்.

"அக்கா, கொஞ்சம் இத்த புடிச்சிகினு நிக்கிறீங்களா? வெளிச்சம் அவுங்க மூஞ்சில வுழணும், அவ்ளோதான்."

பிடித்தேன். இருபது நிமிடம். வெயிலை வாங்கி அந்தப் பெண்ணின் முகத்தில் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைச் சுருக்கினால் தட்டைச் சற்றுச் சாய்த்தேன். நடுவில் அந்தப் பையன் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான், அவள் குடித்துவிட்டு அவனிடமே நீட்டினாள். இருவரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. தட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். மஸ்கட்டில் அப்போது பகல் பதினோரு மணி. ஜெயராமனைக் கூப்பிட்டேன். வேலையில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன் என்று செய்தி வந்தது. அவர்மேல் தப்பில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு 30 கிலோமீட்டர். வழியில் சாப்பாடு, ஒரு ஆளுக்கு 110 ரூபாய். ஏழுமலை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை அவர் ஒருவேளைதான் சாப்பிடுவாராம், அதனால் இரண்டு முறை சாம்பார் வாங்கிக்கொண்டார்.

செங்கல்பட்டு மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். கீழே குளிரூட்டிய பெரிய மண்டபம், 600 நாற்காலி, வாடகை 1,60,000. மாடியில் சின்ன மண்டபம், 250 நாற்காலி, 85,000. சாப்பாட்டு அறையில் ஒரு பந்திக்கு 200 பேர். லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு. மேனேஜர் பெரியவர், சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார்.

"மொத்தம் பன்னண்டு ரூம்மா. மாப்ள வூட்டுக்கு ஆறு, பொண்ணு வூட்டுக்கு ஆறு. பொண்ணு வூட்டு ரூமுங்க இந்தப் பக்கம் கீது. நீங்க அக்காதானே? பாத்துக்கோங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆறு அறைகளையும் வரிசையாகத் திறந்தார். ஒவ்வொன்றிலும் மின்விசிறியைப் போட்டுக் காட்டினார். இரண்டு கட்டில், ஒரு பீரோ, சுவரில் பழைய பொட்டுகள் ஒட்டிய கண்ணாடி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இதில் யார் தங்குவார்கள் என்று யோசித்தேன். பதினான்கு பேரும் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். முதல் அறையில் நான். அதற்கப்புறம் யாரும் இல்லை. அவர் ஆறு மின்விசிறிகளையும் திரும்ப ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

திருச்சியிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. முடித்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காரில் ஏறினேன்.

"அச்சரப்பாக்கமா? அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு மேடம்? இங்கதான் ஸ்டேஷனாண்டயே கீதே" என்றார் ஏழுமலை.

அந்த மண்டபம் அண்ணன் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். பைக்கில் பத்து நிமிடம். தூரம், வேலை என்று அவன் எந்தச் சாக்கும் சொல்ல முடியாத இடமாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன்.

40 கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். சின்ன மண்டபம், 300 நாற்காலி, வாடகை 45,000, குளிரூட்டி இல்லை. பொறுப்பாளர் தனம் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. ஏழுமலை தண்ணீர் குடிக்க உள்ளே வந்திருந்தார். தேதி காலியாக இருக்கிறது என்றார் தனம். புத்தகத்தில் எழுத மணமக்கள் இருவரின் ஆதார் நகல் வேண்டும் என்றார். ஜெயராமனுடையதையும் என்னுடையதையும் எடுத்துக் கொடுத்தேன். தனம் என் நகலில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கலைச்செல்வி. நீதான் பொண்ணா?"

"ஆமாங்க."

"பொண்ணே வந்து மண்டபம் பாக்குதா? கூட யாரும் வர்லியா?"

"இல்லிங்க."

ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெல்ல வெளியே போனார். தனம் நகல்களைப் புத்தகத்தின் மேல் வைத்தார். பிறகு, "தார வார்த்துக் குடுக்க ஆள் கீதா?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து 'அக்கா' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்று தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வாசல் படிக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தான்.

"நான்தான்."

"தெர்து, பேரு வருதே."

"அச்சரப்பாக்கத்துலதான் கீறேன். மண்டபம் பாக்க வந்தேன்." எட்டு மாதத்துக்குப் பிறகு என் வாயில் அந்தப் பேச்சு வந்தது. நாவலூரில் நான் இப்படிப் பேசுவதில்லை.

"எந்த மண்டபம்?"

சொன்னேன்.

"அது இன்னாத்துக்கு? தை மாசம் போர்ல தண்ணி நின்னுபூடும். போன வருசம் ஒரு சடங்குக்கு டேங்கர் அட்சி ஊத்தினோம். திர்ச்சிலேந்து வர்ற சனம் இங்க எறங்கி எப்டி வரும்? செங்கல்பட்டுலயே பாரு. ஸ்டேஷன் கீது."

மாப்பிள்ளை திருச்சி என்று அவனிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன், சண்டையின் நடுவில்.

"நீ வருவியா?"

லாரி எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது.

"லோடு கீது. வெக்கிறேன்."

தனத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆதார் நகல்களைத் திரும்ப வாங்கினேன். மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டிய பிறகு ஏழுமலை கேட்டார்: "மேடம், உங்களுக்கு எது புடிச்சிது?"

அன்று முழுவதும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. "செங்கல்பட்டு, மாடியில இருக்கற சின்னது" என்றேன்.

"அப்ப வுடுங்க, மூடறதுக்குள்ள போயிடலாம்."

6:50க்குச் செங்கல்பட்டு மண்டபத்தில் மறுபடி நின்றேன். மேனேஜரிடம் பெண் நான்தான் என்று சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பொண்ணு வூட்டுக்கு எத்தினி ரூம் போடட்டும்?" என்றார். "ஒண்ணு போதும். மீதிய அவங்களுக்கே குடுத்துடுங்க." 20,000 முன்பணம் கட்டி ரசீது வாங்கினேன். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வீடு சேர்ந்தபோது ஒன்பதரை.

இதே பாதையில் கிளம்புகிறவர்களுக்கு: ஒரு நாளில் மூன்று மண்டபத்துக்கு மேல் பார்க்காதீர்கள், எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். குழாயைத் திறந்து பாருங்கள், கழிவறையைப் பாருங்கள், தை மாதம் தண்ணீர் எப்படி என்று மண்டபக்காரரிடம் கேட்காமல் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் எதில் வருவார்களோ அதற்கு அருகில் இடம் பிடியுங்கள். ஒரே ஒரு ஆள் வர வேண்டும் என்பதற்காக மண்டபம் தேடாதீர்கள். வருகிறவர் எங்கே வைத்தாலும் வருவார். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு அறைகளைத் தனியாகப் பார்ப்பது கஷ்டம்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. அலுவலகத்து மூத்தவர் ஒருவரும் அவர் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அண்ணனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தேன். மேடையிலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். அண்ணன் இல்லை. தாலி ஏறிய பிறகும் பார்த்தேன். கலங்கிய கண்ணைப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாலையில் அறையைக் காலி செய்யும்போது மல்லிகா அக்கா வந்து உட்கார்ந்தார்.

"சமையல் ஆளுங்க ரொம்ப நல்ல மாதிரிம்மா. கட்டையா, கறுப்பா ஒருத்தர், காக்கி பேன்ட். ரெண்டு பந்தியும் சாம்பார் வாளிய அவர்தான் தூக்கினார். எங்க பெரியப்பாவ அவ்ளோ பொறுமையா கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். நூறு ரூபா குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார். 'பொண்ணு வூட்டு ஆளுங்கம்மா நானு'ன்னு சொல்லிட்டு வாளிய எடுத்துட்டுப் போயிட்டார். யாரும்மா அது?"

"எங்க அண்ணன்" என்றேன்.