மாட்டுக் கயிற்றில் மூன்று அருவி

பெக்கோக் ஊருக்குக் கிழக்கே உள்ள மலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வழி உண்டு. ரோட்டு வழி பதினோரு மைல். ஓடை வழி மூன்றேகால் மைல்தான், ஆனால் அதில் மூன்று அருவி. அந்த ஓடையில் கயிறு கட்டி இறங்கி உயிரோடு வந்து சேர்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நான் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் மனைவி பிலோமினாவுக்கு எட்டு நாளாக மலேரியாக் காய்ச்சல். கடைசி இரண்டு நாள் பேச்சும் நின்றுவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில் மட்டும்தான் மிச்சம், மருந்து இல்லை. மலை மேல் மரவள்ளி போட்டிருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொய்னா மாத்திரை இருப்பதாகக் கேள்விப்பட்டு, காலை ஐந்து மணிக்கு ரோட்டு வழியாக ஏறினேன். (மணியெல்லாம் தோக்கியோ நேரம். ஜப்பான்காரன் கடிகாரத்தையும் விடவில்லை. சூரியனைக் கேட்டால் இரண்டு மணி குறைத்துச் சொல்லும்.) பத்து மாத்திரைக்கு விலை இரண்டு புதுச் சட்டை. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை அந்தத் தவுக்கே தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பப் புறப்படும்போது முனியாண்டி குறுக்கே ஓடிவந்தான். எங்கள் தோட்டத்து மாட்டுவண்டிக்காரன். ஆள்பிடிப்புக்குப் பயந்து இரண்டு மாதமாக அந்த மலையில்தான் ஒளிந்திருந்தான்.

"ரோட்டுல போகாதீங்க கிராணியாரே. பாலத்துல லாரிய நிறுத்திட்டு, வர்ற ஆம்பளைங்கள எல்லாம் ஏத்துறான். ஓடையில எறங்கிரலாம். எங்கிட்ட வண்டிக் கயிறு இருக்கு."

"நீ ஏன் இத்தன நாளு எறங்கல?"

"தனியா எறங்க பயம் லா. பொண்டாட்டியப் பாத்து ரெண்டு மாசமாச்சு, நானும் வரேன்."

மாத்திரைப் புட்டியை நனையாமல் கொண்டுபோக வேண்டும். தவுக்கேயின் குடிசைக்குப் பக்கத்தில் நின்ற ரப்பர் மரத்தைச் சீவி, புட்டியைப் பாலில் தோய்த்து, நெருப்பருகே காயவைத்து, மறுபடி தோய்த்தேன். மூன்று தடவை. அதை மடியில் கட்டிக்கொண்டு பதினொன்றே கால் மணிக்குக் கிளம்பினோம். முனியாண்டி தோளில் காண்டாக் கம்பு; பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்குகிற கம்பு. அன்றைக்கு அதில் வீட்டுக்கு மரவள்ளிக் கிழங்கு தொங்கியது.

முதல் அருவி முப்பது அடி. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கயிறு பதினெட்டு பாகம், அதாவது நூற்றெட்டு அடி; மரத்தில் போட்டது மாட்டு முடிச்சு. ஒரு தலைப்பைப் பிடித்துத் தொங்கினால் இறுகும். கீழே வந்து மற்றத் தலைப்பைச் சுண்டினால் அவிழ்ந்து கைக்கு வந்துவிடும். பாறையில் காலை விரித்து ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அவசரப்படாமல் இறங்க வேண்டும். அட, இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்தது.

இரண்டாவது நாற்பத்தைந்து அடி. நான் முதலில் இறங்கிக் கண்ணில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முனியாண்டி இறங்கினான், கால் பட்ட உடனே கயிற்றைச் சுண்டினான். வண்டி நின்றதும் மாட்டை அவிழ்க்கிற பழக்கம் அவனுக்கு. கயிறு பொத்தென்று காலடியில் விழுந்த பிறகுதான் இருவரும் சுற்றிப் பார்த்தோம்.

நாங்கள் நின்றது ஒரு வண்டித் தட்டு அகலமுள்ள பாறை. கீழே மூன்றாவது அருவி, இன்னும் ஐம்பது அடி. கயிறு கட்ட ஒரு மரம் இல்லை, ஒரு வேர் இல்லை. மேலே ஏறவும் வழி இல்லை.

"அலமாக்! கை பழக்கம், கிராணியாரே," என்று தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் திட்டாத திட்டு இல்லை. அவன் பாட்டுக்குக் கிழங்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, விளிம்பில் இரண்டு பாறைக்கு நடுவே இருந்த இடுக்கின் பின்னால் காண்டாக் கம்பைக் குறுக்கே வைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டினான்.

"நீங்க முன்னால போங்க. மருந்து உங்க மடியில இருக்கு. கம்பு ரெண்டு ஆளு தாங்குமான்னு தெரியல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் மறுக்கவில்லை. இறங்கும்போது கம்பு முனகுவது கயிற்றின் வழியாகக் கையில் தெரிந்தது. முனியாண்டி முக்கால்வாசி வந்தபோது அது முறிந்தது. கம்பு, கயிறு, ஆள் எல்லாம் சேர்ந்து குட்டையில் விழுந்தது. ஆழம் இருந்ததால் பிழைத்தான். தும்மிக்கொண்டே எழுந்து, "கெழங்குதான் போச்சு," என்றான்.

போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டேன். அடுத்த கட்டுமிடம் கண்ணில் படும்வரை மேலே உள்ள கயிற்றை உருவாதீர்கள். இருபது பாகத்துக்குக் குறைந்த கயிறு வேண்டாம். மேலே மழை இருட்டினால் ஓடையில் இறங்கவே வேண்டாம். மற்றபடி கை கால் திடமாக உள்ள யாராலும் முடியும்.

நாலே முக்காலுக்குத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் பின்பக்கமாக வந்து சேர்ந்தோம். முனியாண்டி தன் வீட்டுக்கு ஓடினான். நான் பிலோமினாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ரப்பர் உறையைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கரண்டியால் வாயில் விட்டேன். வெகு நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"சீ... என்ன கருமத்தங்க குடுக்குறீங்க? கசக்குது."

"இன்னும் ஒம்போது இருக்கு. திட்டிக்கிட்டே குடி," என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே அழுதேன்.