இரண்டு பொத்தானுக்கும் பொட்டு வைத்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "அடக்கமானவங்க, அமைதியானவங்கன்னு எழுதும்மா" என்றார் மாமா. மன்னிக்க வேண்டும், பொய் எழுத என்னால் ஆகாது. எங்கள் அக்கா வாயாடி. அந்த வாயால் பிழைத்தவர்கள் நிறைய பேர்.

கருங்குழியில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பிளஸ் டூ முடித்ததும் அச்சரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். லாரி ஓட்டிய மாமாவுக்கு முதுகு போனபின், செங்கல்பட்டுப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். நிரந்தர ஆண்கள் செய்யும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் பாதி. ஷிப்டு முடிந்து வேனுக்கு நிற்பவர்களை, ஆள் வரவில்லை என்று திரும்பவும் உள்ளே அனுப்புவார்கள். அப்படி வீடு வந்து சேரும் நாளிலும் சூப்பர்வைசர் மாதிரியே பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார் அக்கா. பிள்ளைகளின் படிப்பும் அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின.

தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒருசேர அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று, எல்லா மிஷினிலும் ஒரு பொத்தானை அழுத்தி டேப் சுற்றிவிட்டார் சூப்பர்வைசர். ஒரு கை தகட்டை வைக்கும்போதே மறு கை அழுத்திவிடும். அப்படித்தான் உடன் வேலை செய்த ஸ்டெல்லாவின் இரண்டு விரல்கள் போயின. அவள் கவனக்குறைவு என்றார்கள். மறுநாளே அந்த மிஷினில் அக்காவை நிறுத்தினார்கள்.

"டேப்ப எடுங்க சார், கை போய்டும்" என்று கேட்டிருக்கிறார்.

"இஷ்டம் இல்லன்னா கெளம்பு. ஆளுங்க வந்துகினேதான் கீறாங்க."

வேலை போனால் வீடு நின்றுவிடும். அக்கா வாயை மூடிக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கம்பெனியில் அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். பிறகுதான் முதலாளி கற்பூரம் காட்டுவார். முதலாளி குடும்பத்தோடு வந்து நிற்க, அக்கா குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, பொட்டு வைக்கல?" என்றார் முதலாளி.

"மிஷின கட்டிப் போட்டு கீது சார். கட்டிப் போட்டதுக்கு இன்னா பூஜை? அவுத்து வுடுங்க, வைக்கிறேன்."

மற்ற பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். பொட்டில்லாத மிஷினுக்குக் கற்பூரம் காட்ட முதலாளிக்குப் பயம். அவர் மனைவி வேறு முறைத்தார். கடைசியில் சூப்பர்வைசரே குனிந்து குனிந்து டேப்பைப் பிரித்தார். அக்கா இரண்டு பொத்தானிலும் பெரிதாகப் பொட்டு வைத்தார். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள்.

விடுமுறை முடிந்ததும் மனிதர் மறுபடி டேப்போடு வந்தார்.

"பூஜை போட்ட எடம் சார். ஒட்டணும்னா ஒட்டிக்கங்க" என்றார் அக்கா. சூப்பர்வைசருக்குக் கை எழவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பொத்தான்களுக்குப் புதுப்பொட்டு விழுந்தது.

அக்காவைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். சம்பளம் கடைசிவரை உயரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரோ, "வுடுடி, அங்க ஒக்கார ஸ்டூலாவது கீது" என்றார்.

புற்றுநோயில் படுத்த பிறகும், பார்க்க வந்த கம்பெனிப் பெண்களிடம் முதலில் கேட்டது, "வெள்ளிக்கெழம பொட்டு வச்சீங்களாடி?" என்றுதான்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த பொத்தேரி கல்லூரிப் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரத்தில் ஆட்டோ எடுத்த தெருவாசிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கம்பெனிப் பெண்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா போன அன்று லீவு தரவில்லை என்றதும் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள். வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டார்கள். அரிசித் தட்டைப் பிடித்திருந்தவள் நான். ஸ்டெல்லாவின் கையைத் தவிர, தட்டுக்குள் வந்த ஒவ்வொரு கையிலும் விரல்கள் முழுசாக இருந்தன.