உச்சமுனையில் நட்ட கம்பு

கடல் கரையைத் தின்கிறது என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் படத்தில் காட்ட விரும்பினேன். ஒரே இடத்தை வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்பது திட்டம். சென்ற ஒக்டோபரில் முதல் படம், இந்த ஒக்டோபரில் இரண்டாவது.

காலை ஐந்தரைக்குச் சிலாபத்தில் பஸ் ஏறினேன். முந்தலில் தேநீர், புத்தளத்தில் பஸ் மாற்றம், ஒன்பது மணிக்குக் கற்பிட்டி. அங்கிருந்து உச்சமுனைத் தீவுக்குப் படகில் நாற்பது நிமிடம். போய்வர எட்டாயிரம் ரூபாய். படகுக்காரர் நசார் நானாவின் வீடும் அந்தத் தீவில்தான் இருக்கிறது, முன்னால் கடல், பின்னால் களப்பு என்கிற காயல். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது.

"இந்த முறையும் எங்கட வீட்டடியத்தானா படம் புடிக்கப் போறீங்க? எங்கட கலியாணத்துக்கே இவ்வளவு படம் எடுக்கல்ல" என்றார்.

மாற்றம் தெரிய வேண்டுமானால் மாறாத ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அதற்காகச் சென்ற வருடம் அவர் வீட்டு முன்னால், நீர்விளிம்பிலிருந்து இருபது காலடியில், சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பு ஒன்றை நட்டேன். சமையற்கட்டான குசினியின் சுவரிலிருந்து நாற்பத்தைந்து காலடி. கிளம்பும்போது, "பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லிவைத்தேன்.

இந்த முறை நேரே கம்படிக்குப் போய் நீர்வரைக்கும் அளந்தேன். இருபது காலடி. இன்னொரு முறை அளந்தேன். இருபதேதான். கடல் அசையவேயில்லை. உலகத்துக்கு நல்ல செய்தி, என் கட்டுரைக்குக் கெட்ட செய்தி. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன்.

குசினிச் சுவர் கண்ணெதிரே நின்றது.

அளந்தேன். ஆறு காலடி.

நசார் நானாவின் மனைவி ரிபாயா தாத்தா வெளியே வந்தார். (இங்கே தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.) "கம்பு பத்திரமா இருக்குது பாருங்க" என்றார் பெருமையோடு. "தென்மேற்கால அடிச்ச கச்சான் காத்துக்குக் கடல் ஏறி ஏறி வந்திச்சு. மூணு தரம் புடுங்கி, அதே இருபது காலடி விட்டு உள்ளால நட்டோம்."

"ஏன் பிடுங்கினீர்கள்?"

"அதென்ன கதை? நீங்க எங்கள நம்பி அமானிதமாத் தந்த சாமான். கடல் கொண்டு போனா அல்லாஹ்வுக்கிட்ட நாங்க என்ன பதில் சொல்ற?"

"வீட்டுக்கு ஏதாவது செய்தீர்களா?"

நசார் நானா சிரித்தார். "வீட்டப் புடுங்கி எங்க நடுற? பின்னால களப்பு. ஒருக்கா ஊர விட்டு வந்தது போதும், தம்பி."

குசினிக்குள் தேநீர் தந்தார்கள். அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் தட்டில் கோப்பை மெல்ல நடுங்கியது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: குடிநீர் கொண்டு போங்கள். பத்து மணிக்கு முன் வெளிச்சம் நல்லது. தூரத்தைச் சுவரிலிருந்து அளந்துகொள்ளுங்கள். நேர்மையானவர்களிடம் அளவுகோலை ஒப்படைக்காதீர்கள்.

கடலைப் பார்த்து எடுத்த என் இரண்டு படங்களிலும் அதே கடல், அதே கம்பு, அதே இருபது காலடி. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு குறையும் தெரியாது.

கிளம்பும்போது கம்பைப் பிடுங்கப் போனேன். ரிபாயா தாத்தாவின் முகம் மாறியது.

"அப்ப இனி வர மாட்டீங்களா?"

கையை எடுத்துவிட்டேன்.

"அடுத்த கச்சானுக்கு உள்ளுக்கு எடுத்து வெக்கிறோம்" என்றார். "அலுமாரிக்குப் பின்னால இடமிருக்கு."